காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் விரல் மடங்கவில்லை: சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலியை நம் சுகாதார நிலையங்கள் எப்படிப் பார்க்கின்றன?

பதிவு 1
ரோஸ் ஹில் தமிழாசிரியை, மொரிஷியஸ், ஜூலை 2025

அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு ஏப்ரலில் என் தாயாருக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் சில நாட்களில் இறங்கிவிட்டது, தோலில் எழுந்த தடிப்பும் மறைந்தது, ஆனால் மூட்டுவலி மட்டும் அவரை விட்டபாடில்லை. ஜூலை பிறந்த பிறகும் காலையில் கண் விழிக்கும்போது இரு கைவிரல்களும் விறைத்துக் கிடக்கின்றன. குளியலறைக் குழாயைத் திருகுவதற்கு என்னைக் கூப்பிடுகிறார். துவைத்த துணியைப் பிழிய முடியாமல் நீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறார். முற்பகல் பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் மெல்ல இளகுகின்றன. நடுவிரலின் அடிக்கணு வீங்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மோதிரத்தைச் சோப்பு தடவித்தான் கழற்ற முடிந்தது.

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் பனடோல் (பாரசிட்டமோல் மாத்திரை) எழுதித் தந்து, வயது அறுபத்தெட்டு ஆகிவிட்டதல்லவா, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். அவர்கள் அலட்சியமாகப் பேசுவதில்லை, கனிவாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் இருக்கிறார், ஒவ்வொரு முறையும் நாங்கள் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இது சிக்குன்குனியாவின் தொடர்ச்சிதானா, அப்படியானால் நாங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வானொலியிலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணிச் சொன்னார்கள். காய்ச்சல் போன பிறகு எழுந்து நடமாட முடியாமல் இருப்பவர்களை எண்ணுகிறவர் யார்?

பதிவு 2
பொதுமருத்துவர், குரேபிப்

ஆசிரியை அவர்களுக்கு, நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவற்றுள் மூன்று செய்திகளைச் சுகாதார நிலைய மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள்: விறைப்பு காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, இரு கைகளிலும் இருக்கிறது, கணுவில் வீக்கமும் சூடும் தெரிகின்றன. தேய்மானத்தால் வரும் மூட்டுவலி பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் தணியும். அழற்சியால் வருவதோ ஓய்வில் கூடி, அசைவில் தணியும். உங்கள் தாயாரின் வலி இரண்டாம் வகையைப் போல் தோன்றுகிறது. வயது என்று சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது.

பிரான்சின் தொற்றுநோய் வல்லுநர்கள் 2014-இல் வகுத்த வழிகாட்டல் இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்று வாரங்கள் கடுங்கட்டம். அதிலிருந்து மூன்றாம் மாத முடிவு வரை இடைக்கட்டம். அதற்குப் பின்னும் வலி நீடித்தால் அது நாட்பட்ட கட்டம். இந்தப் பிரிவினை வெறும் பெயர் சூட்டல் அன்று. ஒவ்வொரு கட்டத்திலும் மருந்து மாறுகிறது. முதல் இரண்டு வாரங்களில் டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் நீங்கும் வரை ஆஸ்பிரினோ, ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சி நீக்கிகளோ தரக்கூடாது, ஏனெனில் டெங்குவாக இருந்துவிட்டால் குருதிக்கசிவு நேரும். அந்த நாட்களில் பாரசிட்டமோல் தந்ததுதான் சரி. மூன்றாம் மாதத்திலும் அதையே தந்துகொண்டிருப்பது சரியாகாது. இப்போது அழற்சி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளுடன், முடக்குவாதத்துக்கான பரிசோதனைகளையும், கைகால்களின் எக்ஸ்ரேயையும் கேட்க வேண்டும். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் என்றால் அழற்சி நீக்கி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை செய்து நோய் உறுதியாயிற்றா, அந்தத் தாள் கையில் இருக்கிறதா என்பதையும் தெரிவியுங்கள்.

பதிவு 3
ரோஸ் ஹில் தமிழாசிரியை

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. பரிசோதனை செய்யவில்லை. அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். பார்த்த உடனேயே சிக்குன்குனியா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், எந்தத் தாளிலும் அது எழுதப்படவில்லை.

பதிவு 4
சேன் ஆந்த்ரே வாசகர், ரியூனியன்

உங்கள் கேள்விக்கு, மொரிஷியசுக்கு அண்டையில் பிரான்சின் பகுதியாக இருக்கும் எங்கள் தீவு கடந்து வந்த இருபது ஆண்டுகளே விடை சொல்லும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் புதுச்சேரியிலிருந்து இங்கு வந்து குடியேறி, ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறவன். 2006-இல் இங்கே சிக்குன்குனியா பரவியதை மருந்தக முகப்பிலிருந்து பார்த்தவன்.

2005-இன் முற்பகுதியில் இங்கே நுழைந்த நோய், குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்து, ஆண்டின் இறுதியில் மழையோடு வெடித்தது. 2006 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அடங்கியபோது கணக்கிட்டால், ஏறத்தாழ 2,66,000 பேர், அதாவது தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், படுத்தெழுந்திருந்தார்கள். அதுவரை உயிரைப் பறிக்காத நோய் என்று பாடநூல்கள் கூறிவந்தன. இங்கே 200-க்கும் மேற்பட்ட இறப்புகளில் அதற்குப் பங்கு இருந்தது தெரியவந்தது. பிரசவ வேளையில் தாயின் ரத்தத்தில் கிருமி இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் என்பதும் இங்கேதான் தெளிவாகப் பதிவாயிற்று. கிருமியில் ஏற்பட்ட ஒரே ஒரு சிறு மாற்றம், வீட்டுத் தோட்டங்களில் திரியும் புலிக்கொசுவின் உடலில் அது எளிதாகப் பெருக வழி செய்துவிட்டது. பூச்சட்டித் தட்டிலும், கோயில் முற்றத்தில் கிடக்கும் தேங்காய் ஓட்டிலும் தேங்கும் நீர் போதும், அந்தக் கொசுவுக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கதையை. பிப்ரவரி இறுதியில் பாரிசிலிருந்து பிரதமர் தொமினிக் தெ வில்ப்பேன் வந்தார். படைவீரர்கள் கொசுமருந்து தெளித்தார்கள், பணம் ஒதுக்கப்பட்டது, செய்தியாளர்கள் குவிந்தார்கள். ஜூன் மாதத்தில் கொசு குறைந்தது, எல்லோரும் திரும்பிப் போனார்கள். எங்கள் மருந்தகத்தின் வரிசை மட்டும் குறையவில்லை. ஜனவரியில் காய்ச்சல் மருந்துக்கு வந்த அதே முகங்கள் ஆகஸ்டிலும் வலி மருந்துக்கு வந்தன. புட்டியின் மூடியைத் திறந்து தரச் சொல்லிப் பெண்கள் முகப்பில் நீட்டுவார்கள். நாங்கள் திறந்து, இறுக்காமல் மேலாக வைத்துக் கொடுப்போம். நகர மண்டபத்தில் ஒட்டியிருந்த நோயாளர் எண்ணிக்கைப் பட்டியலில் அவர்கள் யாரும் இல்லை, ஏனெனில் அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர்களை எண்ணியவர்கள் ஆய்வாளர்கள்தாம். நோய் வந்த பதினைந்து மாதங்களுக்குப் பிறகு 147 பேரை விசாரித்த ஓர் ஆய்வில் 57 விழுக்காட்டினருக்கு மூட்டுத் தொல்லை நீடித்தது. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், முதல் நாட்களில் கடும் வலி கண்டவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோரிடமே அது மிகுதியாக நின்றது. இன்னொரு பெரிய ஆய்வு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி வழியாகத் தீவு மக்களை விசாரித்தது. தொற்று வந்தவர்களில் 43 விழுக்காட்டினரும், வராதவர்களில் 17 விழுக்காட்டினரும் தசை, மூட்டு வலி இருப்பதாகக் கூறினர். சோர்வும், கவனம் சிதறுவதும், மறதியும்கூடத் தொற்று வந்தவர்களிடமே அதிகம்.

ஆக, 2010-ஆம் ஆண்டளவிலேயே இந்த அறிவு கையில் இருந்தது. ஆனால் அது அச்சேறியது எங்கள் கண்ணெதிரே இருக்கும் கடலுக்கு அப்பால் வெளியாகும் ஆய்விதழ்களில். மறுபடி நோய் வந்தபோது, அதாவது 2024 ஆகஸ்டில் முதல் உள்ளூர்த் தொற்று தெரிந்து, 2025-இல் உறுதிசெய்யப்பட்டவர்களே ஐம்பதாயிரத்தைத் தாண்டிய இந்த அலையில், மூன்றாம் மாதத்தில் திரும்பி வாருங்கள் என்று தேதி குறித்துக் கொடுத்த சீட்டு ஒன்றைக்கூட நான் முகப்பில் பார்க்கவில்லை. சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், நாட்கணக்கு இருக்கும், அவ்வளவுதான்.

பதிவு 5
கணக்காளர், போர்ட் லூயிஸ்

மறுத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். என் மனைவிக்கும் இந்த நோய் வந்தது. ஆயினும் எண்களை எடுத்தால் முழுவதுமாக எடுக்க வேண்டும். தொற்று வராதவர்களிலேயே நூற்றுக்குப் பதினேழு பேருக்கு வலி இருந்திருக்கிறது என்றால், சிக்குன்குனியாவால் கூடுதலாக வந்தது இருபத்தாறு பேருக்கு மட்டுமே. அதுவும் தொலைபேசியில் கேட்டுப் பெற்ற விடை. நோய் வந்தவர் தம் வலியை அதனோடு சேர்த்து நினைவுகூர்வது இயல்பு. நம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது, ஆனால் மூட்டுவாத வல்லுநர்கள் மிகச் சிலரே. வலி என்று சொல்லும் எல்லோரையும் அவர்களிடம் அனுப்பினால், கடுமையான முடக்குவாத நோயாளர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். பெரும்பாலோர் தாமாகவே குணமடைகிறார்கள் என்பதும் உண்மை. அச்சத்தை வளர்ப்பதால் யாருக்கு நன்மை?

பதிவு 6
பொதுமருத்துவர், குரேபிப்

நீங்கள் செய்த கழித்தல் சரியானது. தொற்று வராதவர்களையும் கேட்டது அந்த ஆய்வின் வலிமை. அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் கழித்து வந்த இருபத்தாறை அந்தத் தீவில் நோயுற்றவர்களின் தொகையோடு பெருக்கிப் பாருங்கள். கைக்கணக்காகவே எழுபதாயிரத்தை நெருங்குகிறது. ஒரு சிறு தீவில் அவ்வளவு பேர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் வலியோடு இருந்திருக்கக்கூடும் என்றால், அது சுகாதாரத் துறை கண்ணை மூடிக்கொள்ளத் தக்க எச்சம் அன்று.

வல்லுநர்களிடம் எல்லோரையும் அனுப்ப முடியாது என்பதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். அனுப்பத் தேவையும் இல்லை. நாட்பட்ட வலி உள்ளவர்களில் பெரும் பகுதியினருக்கு வேண்டியது, வலி நீக்கியோடு முறையான இயன்முறைப் பயிற்சியும், இது மெல்லத்தான் குறையும் என்ற தெளிவான சொல்லும். சிலருக்குத் தசைநாண் உறையில் அழற்சி இருக்கும், சிலருக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும், அவற்றை ஊசியாலோ சிறு அறுவையாலோ சரிசெய்யலாம். மிகச் சிலருக்கு மட்டும் உண்மையான அழற்சிவாதம் தொடங்கிவிடும், அது மூட்டையே அரிக்கும். ரியூனியனின் சேன் தெனி நகரத்து மூட்டுவாத மருத்துவர்கள் தங்களிடம் வந்த இத்தகைய நோயாளரின் விவரத்தை வெளியிட்டிருக்கிறார்கள். அழற்சியை அடக்கும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து கொடுக்கப்பட்ட 72 பேரில் நான்கில் மூவருக்குப் பயன் கிடைத்தது. அந்தச் சிலரைப் பலரிலிருந்து பிரித்தெடுக்க வல்லுநர் வேண்டியதில்லை. சுகாதார நிலையத்து மருத்துவர் விரற்கணுக்களைக் குறுக்காக மெல்ல அழுத்திப் பார்த்து, காலை விறைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, இரண்டு பரிசோதனைகள் எழுதினால் போதும். ஆனால் அதைச் செய்வதற்கு நோயாளி மூன்றாம் மாதத்தில் அவர் முன்னே உட்கார்ந்திருக்க வேண்டும். பலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள், ஏனெனில் முன்பு வந்தபோதெல்லாம் கிடைத்தது அதே மாத்திரை.

சிகிச்சை என்ற பெயரில் எதையாவது கொடுத்துவிடலாம் என்பதும் ஆபத்தானது. 2006-இல் ரியூனியனில் மலேரியா மருந்தான குளோரோகுவின் மாத்திரையை முறையான சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். கடுங்கட்டத்தில் அதனால் பயனில்லை, அதைச் சாப்பிட்டவர்களே ஆறேழு மாதங்கள் கழித்து மூட்டுவலி இருப்பதாக அதிகம் கூறினார்கள். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். முதல் வாரத்தில் போட்டால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், நிறுத்தியதும் வலி இரட்டிப்பாகத் திரும்பும்.

பதிவு 7
விடுதித் தொழிலாளர், மஹேபூர்

நான் கடற்கரை விடுதி ஒன்றில் அறைப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மருத்துவத்தை விட்டுவிட்டு, வேலையைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் நாட்டில் 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து வேலைநாட்கள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. எடுக்காத விடுப்பு தொண்ணூறு நாட்கள் வரை சேரும். காய்ச்சலுக்கு அது போதும். ஆனால் அறைப் பராமரிப்புப் பெண் ஒருவர் கட்டில் மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகுவதற்கு முழுக் கையின் பலமும் வேண்டும். அதை ஒரு நாளில் எத்தனையோ கட்டில்களுக்குச் செய்ய வேண்டும். காய்ச்சலில் விடுப்பு தீர்ந்துவிட்ட பிறகு, மணிக்கட்டு வீங்கியிருக்கும்போது அவர் என்ன செய்வார்? மருத்துவச் சான்றிதழில் மூட்டுவலி என்று மட்டும் இருந்தால், மேலாளர் அதை வழக்கமான வலியாகவே எடுத்துக்கொள்கிறார். சிக்குன்குனியாவைத் தொடர்ந்த அழற்சி, இத்தனை வாரங்களுக்குக் கனமான வேலை கூடாது என்று எழுதியிருந்தால், சலவைத் துணி எண்ணும் வேலைக்கோ வரவேற்புப் பகுதிக்கோ மாற்றிக் கொடுக்க என்னால் வாதாட முடியும். எங்கள் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. எழுதித் தந்தவர் ஓர் இளம் மருத்துவர். மற்ற இருவர் வேலையை விட்டுவிட்டார்கள்.

பதிவு 8
டர்பன் வாசகி, தென்னாப்பிரிக்கா

நான் சிக்குன்குனியா கண்டவள் அல்லள். ஆனால் கோவிட் வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு வரையறை வகுத்தது: தொற்று தொடங்கி மூன்று மாதங்கள் கழிந்த நிலையில், குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள். நோய்களின் உலகப் பட்டியலில் அதற்கெனக் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு என் சோர்வைக் குறைக்கவில்லை, ஆனால் என் கோப்பில் அது ஏறிய பிறகு எந்த மருத்துவரும் என்னிடம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. பிரான்சில் 2022 ஜனவரியில் நாட்பட்ட கோவிட் நோயாளருக்கென்றே தனிச் சட்டம் வந்ததாகவும் அறிகிறேன். ரியூனியனும் பிரான்சின் பகுதிதானே, அங்கே சிக்குன்குனியா நோயாளருக்கு அத்தகைய ஏற்பாடு உண்டா?

இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். தொற்றுக்குப் பின் வருவது மூட்டழற்சியாக இருந்தால் பயிற்சி நல்லது. ஆனால் சிறிது உழைத்தாலே மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளையே வீழ்த்திவிடும் வகையான சோர்வாக இருந்தால், பயிற்சியை வலிந்து கூட்டுவது கெடுதி செய்யும். இரண்டையும் ஒன்றாகக் கருதி எல்லோரையும் நடக்கச் சொல்லும் மருத்துவர்கள் இங்கே இருந்தார்கள்.

பதிவு 9
சேன் ஆந்த்ரே வாசகர், ரியூனியன்

அம்மையாருக்கு, நீங்கள் குறிப்பிட்ட சட்டம் கோவிட்டுக்கு மட்டுமே உரியது. எங்களிடம் நீண்டகால நோய்களுக்கு முழுச் செலவையும் சமூகக் காப்பு ஏற்கும் பட்டியல் ஒன்று உண்டு. முடக்குவாதம் அதில் இருக்கிறது, சிக்குன்குனியா இல்லை. ஆகையால் ஒருவருடைய மூட்டழற்சி முற்றி, முடக்குவாதம் என்ற பெயரைப் பெறும் நிலைக்கு வந்தால் அவருக்குப் பட்டியலின் வழியாகக் கதவு திறக்கிறது. அதற்கு முந்தைய படியில் நிற்பவர், பட்டியலுக்கு வெளியே உள்ள நோய் என்ற பிரிவில் தனியாக விண்ணப்பித்து, மருத்துவ அதிகாரியின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். நோய் முற்றினால்தான் உதவி எளிதாகக் கிடைக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் மனத்தை உறுத்துகிறது. மூட்டு அரிப்பதற்கு முன் தடுப்பதுதானே மருத்துவத்தின் வேலை.

தடுப்பூசியைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் இங்கே முதியோருக்கும் இணைநோய் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை தந்து தொடங்கினார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் ஓர் இறப்பும் நேர்ந்ததால் அம்மாத இறுதியிலேயே அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்திவிட்டார்கள். நாட்பட்ட வலி யாருக்கு அதிகம் வருமோ, அந்த வயதினரில் பலருக்கு அது பயன்படாமற் போயிற்று. ஆகவே வந்த பிறகு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இன்னும் தேவையாகிறது.

பதிவு 10
ஓய்வுபெற்ற செவிலியர், பாம்பிள்மூஸ்

இதுவரை எழுதியவர்கள் அனைவரையும் படித்தேன். முப்பதாண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவப் பணியில் இருந்தவள் என்பதால், நடைமுறையில் எங்கே நழுவுகிறது என்பதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நம் சுகாதார நிலையங்களில் இரண்டு விதமான வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, காலையில் வந்து வரிசை எண் வாங்கிக்கொண்டு, அன்றைக்கு யார் மருத்துவரோ அவரைப் பார்த்துவிட்டுப் போவது. மற்றொன்று, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான தொற்றா நோய்ப் பிரிவு. அங்கே ஒவ்வொருவருக்கும் அட்டை உண்டு. அடுத்த வருகைக்கான தேதியை அதில் எழுதியே அனுப்புவோம், வராதவரின் பெயர் எங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், பல ஆண்டுகளாகப் பழகிப் பழகி இந்த முறை நன்றாகவே நடக்கிறது. சிக்குன்குனியா நோயாளி முதல் வாசலில் நுழைகிறார், முதல் வாசலிலேயே திரும்பத் திரும்ப நுழைகிறார். அவர் எத்தனையாவது முறையாக வருகிறார் என்பது எதிரே இருக்கும் மருத்துவருக்குத் தெரிவதில்லை, தெரிய வழியும் இல்லை. ஆசிரியை அம்மா தம் தாயாருக்காகக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். எந்தத் தனி மருத்துவரின் குற்றமும் அன்று.

ஆகவே புதிய கட்டடமோ புதிய பிரிவோ கேட்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நோய் வந்த அன்று, பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், சந்தேகத்துக்குரிய சிக்குன்குனியா என்று தேதியோடு ஒரு வரி எழுதி அட்டை கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் வலி இருந்தால் இந்த நாளில் வாருங்கள் என்று அதிலேயே குறிக்க வேண்டும். வலி இல்லாதவர் வரமாட்டார், அதில் இழப்பு ஒன்றுமில்லை. வருகிறவரை வாரத்தில் ஒரு பிற்பகல் தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியரே முதலில் பார்த்து, விறைப்பு எவ்வளவு நேரம், எந்தெந்த மூட்டு, வீக்கம் உண்டா, என்ன வேலை செய்கிறார் என்ற நான்கைக் குறித்து வைத்தால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. கணக்காளர் ஐயா அஞ்சுவது போல வல்லுநரின் வரிசை பெருகாது. முன்பே சலித்து எடுத்த சிலர் மட்டுமே அங்கே போவார்கள். மஹேபூர் அன்பருக்கு வேண்டிய சான்றிதழும் அந்த அட்டையைப் பார்த்தே எழுதக்கூடியதாகிவிடும்.

எண்ணுகிறவர் யார் என்று ஆசிரியை கேட்டார்கள். அந்த அட்டைகளை எண்ணினாலே போதும். காய்ச்சலை எண்ணுவதற்கு நாள்தோறும் படிவம் நிரப்பிய அதே எழுத்தர் மாதம் ஒருமுறை இதையும் நிரப்பலாம்.

பதிவு 11
கணக்காளர், போர்ட் லூயிஸ்

அம்மா அவர்கள் சொல்லும் முறையில் செலவு அட்டைக்கும் ஒரு பிற்பகலுக்கும் மேல் போகவில்லை என்றால் என் மறுப்பு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பரிசோதனை இல்லாமல் சந்தேகத்தின் பேரில் எழுதப்படும் பதிவை வேலை வழங்குவோரும் காப்பீட்டாரும் ஏற்பார்களா என்பது மட்டுமே எஞ்சியிருக்கும் ஐயம்.

பதிவு 12
பொதுமருத்துவர், குரேபிப்

கிருமியை நேரடியாகக் காணும் பரிசோதனை முதல் வாரத்துக்குள் செய்தால்தான் பயன்படும். ஆனால் நோயெதிர்ப்புப் புரதங்களைக் காணும் ரத்தப் பரிசோதனையை இப்போதும் செய்யலாம். அண்மைத் தொற்றைக் காட்டும் புரதம் சில மாதங்கள் ரத்தத்தில் நிற்கும், பழைய தொற்றைக் காட்டுவது ஆண்டுக்கணக்கில் நிற்கும். 2006-இல் நோய் கண்டவருக்குப் பின்னது முன்பே இருக்கக்கூடும் என்பதால், முன்னதைக் காலம் தாழ்த்தாமல் பார்த்துவிடுவது நல்லது. ஆசிரியையின் தாயாருக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

பதிவு 13
வாக்குவா வாசகர்

இரண்டு கேள்விகள் கேட்க அனுமதியுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆயாபானா இலைக் கஷாயமும், தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த நிலவேம்புக் குடிநீர்ப் பொடியும் கொடுக்கிறார்கள். இவற்றால் நாட்பட்ட வலி குறையுமா? இரண்டாவது, என் அண்ணனுக்குச் சென்ற வாரம் மெதோட்ரெக்சேட் எழுதித் தந்திருக்கிறார்கள். அவர் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வலி குறைந்தால் நாள்தோறும் ஒன்று சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தைப்பூசக் காவடிக்கு முன் முழுதும் தேறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பதிவு 14
பொதுமருத்துவர், குரேபிப்

இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அது அவசரமானது. அண்ணனிடம் இன்றே பேசுங்கள். மூட்டு நோய்க்குத் தரும் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. அதை நாள்தோறும் சாப்பிட்டால் எலும்பு மச்சை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும், வாய் முழுதும் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து வரும். வலி உடனே குறையவில்லையே என்று கூட்டவும் கூடாது, ஏனெனில் அது வேலை செய்யத் தொடங்கவே பல வாரங்களாகும். வேறொரு நாளில் சாப்பிட ஃபோலிக் அமில மாத்திரை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தொடங்குமுன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனையும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கான பரிசோதனையும் நடந்தனவா, அடுத்த பரிசோதனைக்கு எந்தத் தேதி குறித்தார்கள் என்று கேளுங்கள். மருந்து உள்ளவரை மதுவைத் தவிர்க்க வேண்டும், குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருமலோ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கஷாயங்களைப் பொறுத்தவரை, ஆறுதலுக்காக ஒரு கோப்பை குடிப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் நாட்பட்ட மூட்டழற்சியை அவை ஆற்றும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை தரக்கூடிய எந்தப் பொடியையும் மருத்துவரிடம் காட்டாமல் சேர்க்கக் கூடாது. அண்ணன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை எடுத்துச் செல்லட்டும்.

காவடி எடுக்க முடியுமா என்பதை அடுத்த சில மாதங்களில் அவருடைய கணுக்கால்கள்தாம் சொல்லும். இப்போதைக்கு மாத்திரை உறையின் மேல் கொட்டை எழுத்தில் கிழமையின் பெயரை எழுதி வையுங்கள். எழுதியதை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

பதிவு 15
வாக்குவா வாசகர்

பேசிவிட்டேன், ஐயா. ஃபோலிக் அமிலம் சீட்டில் இருந்தது, மருந்தகத்தில் தீர்ந்துபோனதால் அவர் வாங்காமல் வந்திருக்கிறார். நாளை நானே போய் வாங்குகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தேதியும் எழுதப்படவில்லை.

பதிவு 16
ஓய்வுபெற்ற செவிலியர், பாம்பிள்மூஸ்

தேதி எழுதப்படவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், தம்பி. மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது வழக்கம். அண்ணனின் சீட்டை எடுத்துக்கொண்டு, காலையில் கூட்டம் சேருமுன் எழுதித் தந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். வரிசையில் நிற்காமல் பொறுப்புச் செவிலியரைக் கேட்டு, மெதோட்ரெக்சேட் தொடங்கியிருக்கிறது, பரிசோதனைக்குத் தேதி வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர்கள் உங்களை மறுநாள் வரச் சொல்ல மாட்டார்கள்.